பதானியா, பத்தானியா? தென் தாய்லாந்து மோதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாலா நகரில் கடை வாசல்களில் மோட்டார் சைக்கிள்கள் இருக்கையைத் தூக்கியபடி, வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். உள்ளே குண்டு இல்லை என்று ரோந்து வருபவர்களுக்குக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. வண்டியை நிறுத்து, சாவியைத் திருப்பு, இருக்கையைத் தூக்கு: தனிநாடு கேட்டு எழுந்த மலாய் ஆயுதக் குழுக்களுக்கும் தாய்லாந்து அரசுக்கும் மோதல் நடக்கும் இந்த இருபது ஆண்டுகளில் இது கைப்பழக்கமாகிவிட்டது. ஏதாவது பெரிதாக வெடித்தால் மட்டும் இந்தப் பகுதி நம் செய்திகளில் நான்கு வரி பெறுகிறது. அந்த நான்கு வரியைப் படித்தவர்களுக்கு எழும் கேள்விகள் இவை.

இது எந்தப் பகுதி?

தாய்லாந்தின் தென்கோடி, மலேசியாவின் கிளந்தான், பேராக், கெடா மாநிலங்களை ஒட்டிய நிலம். பத்தானி, யாலா, நராதிவாட் என்ற மூன்று மாகாணங்களும், சொங்க்லா மாகாணத்தின் சனா, தேப்பா, நா தாவி, சபா யோய் என்ற நான்கு வட்டங்களும் இதில் அடங்கும். மூன்று மாகாணங்களிலும் சேர்த்து ஏறத்தாழ இருபது லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மலாய் முஸ்லிம்கள். வீட்டில் பதானி மலாய் பேசுகிறார்கள். கிளந்தான்காரருக்கு அது நன்றாகப் புரியும், பாங்காக்காரருக்கு ஒரு சொல்லும் புரியாது. மீதிப் பேர் பெரும்பாலும் தாய், சீனப் பௌத்தர்கள்.

'பதானி', 'பத்தானி' இரண்டில் எது சரி?

இந்த மோதலில் பாதி இந்த ஒரு 'த்'தில் இருக்கிறது. 'பத்தானி' தாய்லாந்து அரசின் மாகாணப் பெயர். 'பதானி' பழைய மலாய் சுல்தானகத்தின் பெயர். முதலாவதைச் சொன்னால் நிர்வாகப் பிரிவைச் சொல்கிறீர்கள். இரண்டாவதைச் சொன்னால் ஒரு தேசத்தைச் சொல்கிறீர்கள் என்று ராணுவம் எடுத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்தில் மாகாணத்தைப் பத்தானி என்றும், மலாய் மக்கள் தங்கள் தாயகமாகக் கருதுவதைப் பதானி என்றும் எழுதியிருக்கிறேன்.

இங்கே எல்லாமே சொல் சண்டைதான். அரசு இதைப் போர் என்றோ ஆயுத மோதல் என்றோ சொல்வதில்லை, 'அமைதியின்மைச் சூழல்' என்கிறது. பேச்சுக்கும் இதே கதி. அதைப் பிறகு சொல்கிறேன்.

எப்போது தொடங்கியது?

எங்கே தொடங்குவது என்பதிலும் சண்டை உண்டு. மலாய்த் தரப்பு 1785-86இலிருந்து தொடங்கும். சியாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) படைகள் பதானியை வீழ்த்திய காலம் அது. வென்றவர்கள் கொண்டுபோன பெரிய பீரங்கி இன்றும் பாங்காக்கில் பாதுகாப்பு அமைச்சகத்தின் முன் நிற்கிறது. 1909இல் பிரிட்டனும் சியாமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் நான்கும் பிரிட்டன் பக்கம் போயின, பதானி சியாமிடமே தங்கியது. எல்லைக்கோடு உறவினர்களின் நடுவே விழுந்தது.

1947இல் ஹாஜி சுலோங் என்ற மார்க்க அறிஞர் ஏழு கோரிக்கைகளை அரசிடம் வைத்தார். மலாய் மொழிக்கு இடம், உள்ளூர்க்காரர்களுக்கு அரசு வேலை, இஸ்லாமியச் சட்டத்துக்குத் தனி நீதிமன்றம் போன்றவை. தனிநாடு அதில் இல்லை. 1948இல் அவரைக் கைது செய்தார்கள். விடுதலையானபின் 1954இல் போலீஸ் அழைத்ததால் சொங்க்லாவுக்குப் போனவர் திரும்பவே இல்லை. 1960களில் ஆயுதக் குழுக்கள் பிறந்தன: பொண்டோக் எனப்படும் மதப் பள்ளிகளை அரசு தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முயன்றபோது பி.ஆர்.என். என்ற தேசியப் புரட்சி முன்னணி, 1968இல் புலோ என்ற பதானி ஐக்கிய விடுதலை அமைப்பு.

1980களில் பிரேம் தின்சுலானந்தா அரசு பொதுமன்னிப்பு கொடுத்தது. 1981இல் தென் எல்லை மாகாணங்களுக்கென ஒரு நிர்வாக மையத்தையும் அமைத்தது. குறைகளைச் சொல்ல ஒரு கதவு இருந்ததால் பலர் காட்டிலிருந்து இறங்கினார்கள், 1990களில் பெரும்பாலும் அமைதி நிலவியது. 2002இல் பிரதமர் தக்சின் ஷினவத்ரா அந்த மையத்தைக் கலைத்தார். எஞ்சியிருப்பது சில்லறைக் கொள்ளையர்கள்தான் என்பது அவர் கணக்கு.

2004இல் என்ன நடந்தது?

அந்தக் கணக்கு பொய்த்துப்போன ஆண்டு அது. ஜனவரி 4 அதிகாலை நராதிவாட்டில் ஒரு ராணுவ முகாமுக்குள் புகுந்தவர்கள் நான்கு சிப்பாய்களைக் கொன்று, சுமார் 400 துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அதே இரவில் சுமார் 20 பள்ளிக்கூடங்கள் எரிந்தன. ஏப்ரல் 28 அன்று பல காவல் சாவடிகள் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. வந்தவர்களில் பலரிடம் இருந்தது வெறும் கத்திதான். நூற்றுக்கு மேற்பட்டோர் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்களில் 32 பேர் பத்தானியின் பழமையான குரூ சே மசூதிக்குள் ஒளிந்திருந்தவர்கள்.

பிறகு அக்டோபர் 25. நோன்பு மாதம். ஊர்க்காவல் தொண்டர்களாக இருந்த ஆறு பேரைப் போலீஸ் கைது செய்ததை எதிர்த்து, நராதிவாட்டின் தக் பாய் காவல் நிலையத்தின் முன் கூட்டம் கூடியது. படையினர் சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். பிடிபட்ட ஆண்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, கைகளைப் பின்னால் கட்டி, தரையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். பிறகு ராணுவ லாரிகளில் ஏற்றினார்கள். உட்கார வைத்து ஏற்றவில்லை, மூட்டைகளைப் போல ஒருவர்மேல் ஒருவராக, நான்கைந்து அடுக்காக. பத்தானியில் உள்ள முகாமுக்குப் போய்ச் சேர மணிக்கணக்கானது. லாரிகளைத் திறந்தபோது 78 பேர் உயிரோடு இல்லை. மொத்தம் 85. நோன்பிருந்ததால் உடல் பலவீனமாக இருந்தது என்று அன்றைய பிரதமர் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை அங்கே யாரும் மறக்கவில்லை.

தக் பாய்க்கு யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

இல்லை. 2006இல் பிரதமர் சுராயுத் சூலானோன்ட் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். 2009இல் சொங்க்லா நீதிமன்றம் மரணக் காரணத்தை விசாரித்து, மூச்சுத் திணறி இறந்தார்கள், அதிகாரிகள் கடமையில் இருந்தார்கள் என்று முடித்தது. 2012இல் பிரதமர் யிங்லக்கின் அரசு இறந்தவர் ஒருவருக்கு 75 லட்சம் பாட் இழப்பீடு கொடுத்தது. வழக்கு மட்டும் வரவில்லை.

கடைசியில் 2024 ஏப்ரலில் குடும்பங்களே நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆகஸ்டில் நராதிவாட் நீதிமன்றம் வழக்கை ஏற்றது. பிறகு அரசு வழக்கறிஞர் அலுவலகமும் விழித்துக்கொண்டு தனியாக ஒரு வழக்குத் தொடுத்தது. இரண்டிலும் சேர்த்து 14 பேருக்குப் பிடியாணை. அவர்களில் ஒருவர் அன்றைய நான்காம் படைப்பிரிவுத் தளபதி, வழக்கு வந்த நேரத்தில் ஆளும் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். பதினான்கு பேரில் ஒருவர்கூட நீதிமன்றப் படி ஏறவில்லை. 2024 அக்டோபர் 25 நள்ளிரவோடு இருபது ஆண்டுக் காலவரம்பு முடிந்தது, வழக்கும் முடிந்தது. அதற்கு முந்தைய நாள் மன்னிப்புக் கேட்ட பிரதமர் பேதோங்தான், 2004இல் பிரதமராக இருந்த தக்சினின் மகள்.

பேச்சு மேசையில் 'எங்களை நம்புங்கள்' என்று அரசு சொல்லும்போது எதிரில் இருப்பவர் மனத்தில் ஓடுவது இந்த நள்ளிரவுதான் என்று நான் நினைக்கிறேன்.

சண்டையிடுபவர்கள் யார்?

ஊர்க்காரர்கள் 'ஜுவே' என்பார்கள். போராளி என்ற மலாய்ச் சொல்லின் பதானி உச்சரிப்பு அது. பெரும்பாலோர் பி.ஆர்.என். அமைப்பைச் சேர்ந்தவர்கள். காட்டில் முகாமிட்டுச் சீருடையோடு திரியும் படை என்று கற்பனை செய்ய வேண்டாம். பகலில் ரப்பர் மரம் சீவுபவராகவோ மதப் பள்ளியில் பாடம் சொல்பவராகவோ இருப்பவர், நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுவில் இரவில் இயங்குகிறார். இந்த அமைப்பு தாக்குதலுக்கு உரிமை கோருவது அபூர்வம். எதிர்ப்பக்கத்தில் ராணுவம், போலீஸ், கறுப்புச் சீருடை அணிந்த 'தஹான் பிரான்' துணைப்படை, அதற்கும் கீழே துப்பாக்கி கொடுக்கப்பட்ட கிராமத் தொண்டர்கள். 2019 நவம்பர் 5 இரவு யாலாவில் ஒரு சாவடியில் 15 பேர் கொல்லப்பட்டார்களே, அவர்களில் பெரும்பாலோர் இந்தக் கடைசி வகையினர். மாதம் ஒரு சிறுதொகைக்கு இரவில் காவல் உட்கார்ந்த ஊர்க்காரர்கள்.

'பாதுகாப்புச் சம்பவம்' என்று செய்தி சொல்வது எதை?

எல்லாவற்றையும். அதுதான் அந்தச் சொல்லின் வசதி. ஆளில்லாத மின்கம்பத்தை வெட்டிச் சாய்த்தாலும் சம்பவம், சமையல் எரிவாயு உருளையில் வெடிமருந்து அடைத்துச் சாலையடியில் புதைத்து ராணுவ வண்டியைத் தூக்கியடித்தாலும் சம்பவம். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவரை மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போனால் அதுவும். சுட்டது ஜுவேயா, அரசுப் படையா, சொந்தப் பகையா, கடத்தல் கும்பலா என்பது பல நேரம் கடைசிவரை தெளிவதில்லை. 2004இலிருந்து 7,500க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். 2007தான் உச்சம், அதன்பின் எண்ணிக்கை குறைந்தது.

எண்ணிக்கையைவிடக் குறியைப் பார்ப்பது பயன் தரும். ஒரு உதாரணம் போதும். பாங்காக்கில் நிற்கும் பீரங்கியைச் சொன்னேன் அல்லவா? 2013இல் அதற்கு ஒரு நகல் செய்து குரூ சே மசூதி வளாகத்தில் அரசு வைத்தது. நல்லெண்ண நடவடிக்கையாம். சில நாளிலேயே அதைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். அசலைக் கொடு, பொம்மையைக் கொடுக்காதே என்று அதற்குப் பொருள் சொன்னார்கள் ஊரில். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் குறைந்தது 17 இடங்களில், பெரும்பாலும் சிறு அங்காடிகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும், தீயும் குண்டும் வைத்தார்கள். நினைத்தால் மூன்று மாகாணங்களிலும் ஒரே நேரத்தில் கை வைக்க முடியும் என்பதே அங்கே சேதி.

எல்லாமே சேதி என்று நாசூக்காகப் பேசிவிட்டுப் போகவும் முடியாது. 2025 ஏப்ரலில் சபா யோயில், பிண்டபாதம் எனும் உணவுப் பிச்சை நேரத்தில் பிக்குகளை ஏற்றிச் சென்ற போலீஸ் வண்டியைச் சுட்டதில் இறந்தது, துறவுப் பயிற்சியில் இருந்த 16 வயது சாமணேரச் சிறுவன். சில நாள் கழித்துத் தக் பாயில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை. அதற்குச் சற்று முன் நராதிவாட்டில் ஒரு மதப் பள்ளி ஆசிரியர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார், இவை அதற்குப் பழி என்று பேச்சு எழுந்தது. பொதுமக்கள் தங்கள் குறியல்ல என்று பி.ஆர்.என். அறிக்கை விட்டது. இந்த இருபது ஆண்டுகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கொல்லப்பட்ட மண்ணில் அந்த அறிக்கையை அப்படியே விழுங்க எனக்கு முடியவில்லை.

இது பௌத்தர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடக்கும் மதச் சண்டையா?

மதம் இருக்கிறது, மதச் சண்டை என்று சொல்ல முடியாது. இறந்தவர்களில் பெரும்பான்மை முஸ்லிம்கள். உலக ஜிஹாத் அமைப்புகள் இங்கே வேர்பிடிக்கவில்லை. கோரிக்கை மொழி, இனம், மண் சார்ந்தது. தாய்லாந்தின் பிற பகுதிகளில் வாழும் லட்சக்கணக்கான முஸ்லிம்களும் இதில் சேரவில்லை. பக்கத்திலேயே இருக்கும் சத்துன் மாகாணத்திலும் முஸ்லிம்களே பெரும்பான்மை, ஆனால் அங்கே பேச்சுமொழி பெரும்பாலும் தாய்லாந்து மொழி. அங்கே கிளர்ச்சி இல்லை.

அங்கே என்ன சட்டம் நடக்கிறது?

1914ஆம் ஆண்டு ராணுவச் சட்டமும் 2005இல் வந்த நெருக்கடிநிலை ஆணையும் ஒன்றின்மேல் ஒன்றாக. முதல் சட்டத்தில் 7 நாள், இரண்டாவதில் 30 நாள், ஆக 37 நாள் குற்றச்சாட்டே இல்லாமல் ஒருவரை வைத்திருக்கலாம். நெருக்கடிநிலை ஆணையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்க வேண்டும், நீட்டித்துக்கொண்டே இருக்கிறார்கள். சில வட்டங்களில் விலக்கியதும் உண்டு. செல்பேசி சிம் அட்டைக்கு முகத்தைப் படம்பிடித்துப் பதிய வேண்டும் என்ற விதியும் இந்தப் பகுதிக்கென்றே வந்தது.

பேச்சுவார்த்தை எத்தனை முறை நடந்தது?

ரகசியச் சந்திப்புகளை விட்டுவிட்டால் மூன்று சுற்று.

முதலாவது, 2013 பிப்ரவரி 28, மலேசியாவின் ஏற்பாட்டில் கோலாலம்பூரில். யிங்லக் அரசின் தேசியப் பாதுகாப்பு மன்றச் செயலாளரும் பி.ஆர்.என். தரப்பில் ஹசன் தாய்ப் என்பவரும் கையெழுத்திட்டார்கள். காகிதத்தில் எதிர்த்தரப்பின் பெயர் என்ன தெரியுமா? 'அரசிடமிருந்து மாறுபட்ட கருத்துடையோர்.' துப்பாக்கியோடு நிற்பவரை இவ்வளவு மென்மையாக யாரும் அழைத்ததில்லை. ஏப்ரலில் பி.ஆர்.என். யூடியூப் வழியாக ஐந்து கோரிக்கைகளை வெளியிட்டது: மலேசியா வெறும் ஏற்பாட்டாளராக இல்லாமல் நடுவராக வேண்டும், பேச்சு பி.ஆர்.என். தலைமையிலான பதானி மக்களுக்கும் சியாமுக்கும் இடையே நடக்க வேண்டும். ஆசியான், இஸ்லாமிய நாடுகள் அமைப்பு, தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றின் பார்வையாளர்கள் வேண்டும். கைதிகளை விடுவிக்க வேண்டும். தங்களைப் பிரிவினைவாதிகள் என்று சொல்லாமல் விடுதலை இயக்கம் என்று ஏற்க வேண்டும். ஐந்தில் மூன்று கோரிக்கைகள் யாரை என்ன பெயரில் அழைப்பது என்பதைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். அந்த நோன்பு மாதத்துக்கு அறிவித்த சண்டை நிறுத்தம் நிற்கவில்லை. 2014 மே மாதம் ராணுவப் புரட்சி வந்தது.

இரண்டாவது, ராணுவ ஆட்சியின் கீழ் 2015இலிருந்து 'மாரா பதானி' என்ற கூட்டணியோடு. பேசியவர்களிடம் துப்பாக்கி இல்லை, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பேச வரவில்லை. இரு தரப்பும் தாக்காமல் இருக்கும் 'பாதுகாப்பு வலயம்' ஒன்றை வரைபடத்தில் தேடியே ஆண்டுகள் போயின.

மூன்றாவது, 2020 ஜனவரியிலிருந்து பி.ஆர்.என்.னுடன் நேரடியாக. இதுதான் கொஞ்சம் நகர்ந்தது. 2022இல் வன்முறையைக் குறைப்பது, மக்களிடம் கருத்துக் கேட்பது, அரசியல் தீர்வு என்று மூன்று தலைப்புகளை ஒப்புக்கொண்டார்கள். ஒற்றையாட்சி தாய்லாந்துக்குள் தீர்வு என்ற வரியை பி.ஆர்.என். ஏற்றது. இதன் கனத்தைப் பாங்காக் பத்திரிகைகள் போதுமான அளவு உணரவில்லை என்பது என் எண்ணம். தனிநாடு கேட்டே பிறந்த இயக்கம் அது. அந்த ஆண்டு நோன்பு மாதம் இரு தரப்பும் அடங்கியிருந்தன. தங்களைக் கூப்பிடவில்லை என்ற கோபத்தில் புலோ மட்டும் பத்தானி மாகாணத்தின் சாய் புரியில் குண்டு வைத்தது. 2024 பிப்ரவரியில் 'அமைதிக்கான கூட்டு முழுமைத் திட்டம்' ஒன்றைக் கொள்கையளவில் இரு தரப்பும் ஏற்றன.

அப்புறம் ஏன் நின்றது?

மேலோட்டமான காரணம்: பிரதமர்கள் மாறினார்கள். 2024 ஆகஸ்டில் வந்த பேதோங்தான் அரசு பேச்சுக் குழுவுக்குத் தலைவரையே நியமிக்கவில்லை. முதலில் வன்முறை நிற்கட்டும், பிறகு பேசலாம் என்றது. பி.ஆர்.என். கையில் இருக்கும் ஒரே சீட்டு அந்த வன்முறைதான், அதை மேசைக்கு வருமுன்பே கீழே வைக்கச் சொன்னால் வைக்குமா? 2025 பிற்பகுதியில் அனுதின் சார்ன்விரகூல் பிரதமரான பிறகே குழுவுக்குப் புதிய தலைவர் வந்தார்.

ஆழமான காரணம் மீண்டும் சொல்தான். தாய்லாந்து மொழியில் அமைதிக்கு 'சாந்திபாப்' என்பார்கள். சாந்தி, பாவம் (நிலை என்ற பொருளில்) என்ற நமக்குத் தெரிந்த சொற்கள்தான். 2014க்குப் பிறகு ராணுவ அரசு அதை மாற்றி 'சாந்திசுக்' என்றாக்கியது: சாந்தியும் சுகமும். அமைதி என்றால் போர் நடக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், சுகம் என்றால் நலத்திட்டத்தோடு போய்விடும். அதேபோல இது 'பேச்சு' மட்டுமே, இரு தரப்பு பேரம் நடத்தும் 'பேச்சுவார்த்தை' அல்ல. பேரம் என்று சொன்னால் சமதரப்பு ஆகிவிடும், சமதரப்பு ஆனால் சர்வதேசப் பார்வையாளர் வருவார், அவர் வந்தால் நாளை வாக்கெடுப்பு என்பார்கள். இதுதான் படைத்தலைமையின் அச்சம். அரசியலமைப்பின் முதல் பிரிவே நாடு பிரிக்க முடியாத ஒன்று என்கிறது. 2024 திட்டத்தில் படை நடவடிக்கைகளை நிறுத்துவது பற்றிய பகுதி வெளியானபோது, விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்ததும் இதனால்தான்.

பி.ஆர்.என். பக்கமும் முடிச்சு இருக்கிறது. மலேசியாவில் உட்கார்ந்து பேசுபவர் சொன்னால் நராதிவாட் மலையடியில் துப்பாக்கி அடங்குமா? 2022 நோன்பு மாதத்தில் அடங்கியது. 2025 ஏப்ரலில் அந்தக் கேள்வி திரும்பவும் வந்தது.

மலேசியா நடுநிலையானதா?

நடுநிலை என்பதைவிட, தவிர்க்க முடியாதது என்பது பொருத்தம். தலைவர்கள் அங்கே இருக்கிறார்கள், உறவுகள் அங்கே இருக்கின்றன. பாங்காக் மலேசியாவைச் சந்தேகிக்கிறது. தங்கள் கழுத்தும் மலேசியாவின் கையில் என்பதால் பி.ஆர்.என்.னுக்கும் முழு நிம்மதி இல்லை. ஒரு கொசுறுச் செய்தி: 2018இலிருந்து ஏற்பாட்டாளராக இருந்த அப்துல் ரஹீம் நூர், 1989இல் மலாயாக் கம்யூனிஸ்டுகளோடு ஹாட்யாயில் ஒப்பந்தம் முடித்த அனுபவசாலி. 1998இல் காவலில் இருந்த அன்வார் இப்ராஹிமின் கண்ணைக் கறுக்கவைத்த காவல்துறைத் தலைவரும் அவரே. அன்வார் பிரதமரானதும் ஏற்பாட்டாளர் மாறியதில் யாருக்கும் வியப்பில்லை.

ஆயுதம் இல்லாமல் பேசும் இளைஞர்கள் இல்லையா?

இருக்கிறார்கள், அவர்கள்மேல் வழக்கும் இருக்கிறது. 2022 மே மாதம், பெருநாளை ஒட்டி, சாய் புரி கடற்கரையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மலாய் உடையில் கூடினார்கள். சாரோங், சட்டை, தலைப்பாகை, பாட்டு. ஏற்பாட்டாளர்கள்மேல் தேசத்துரோக வழக்கு. 2023 ஜூனில் பத்தானி பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் சுயநிர்ணயம் பற்றி ஒரு மாதிரி வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். அதற்கும் வழக்கு. மக்களிடம் கருத்துக் கேட்பது என்று மேசையில் ஒப்புக்கொண்ட அதே அரசு, மேசைக்கு வெளியே கருத்துக் கேட்டவர்களைக் கூண்டில் ஏற்றியது.

நமக்கும் இந்த மண்ணுக்கும் தொடர்பு உண்டா?

மெல்லிய ஒன்று. ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் வரும் 'இலங்காசோகம்', பழைய லங்காசுகா அரசு என்பது அறிஞர் பலரின் கருத்து. அதன் செங்கல் இடிபாடுகள் பத்தானியின் யாராங்கில் இருக்கின்றன. அதற்கு மேல் இழுத்து நம் கதையாக்க வேண்டியதில்லை.

விடுமுறைக்கு ஹாட்யாய் போகலாமா?

மலேசியத் தமிழர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். சொங்க்லா மாகாண நகரமான ஹாட்யாய் மோதல் வலயத்துக்கு வெளியே இருக்கிறது. ஆனால் 2005இல் அதன் விமான நிலையத்திலும் 2012 மார்ச் 31 அன்று நகரின் நடுவே ஒரு பெரிய விடுதியிலும் குண்டு வெடித்தது. லட்சக்கணக்கானோர் போய் வருகிறார்கள், பெரும்பாலும் சாப்பாட்டுச் செலவுதான் அதிகமாகிறது. சுங்கை கோலோக், பெத்தோங், யாலா பக்கம் போவதென்றால் கதை வேறு. கிளம்புமுன் உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சின் அறிவிப்பைப் பாருங்கள், பயணக் காப்பீடு அங்கே செல்லுமா என்று கேளுங்கள், இருட்டுமுன் ஊர் சேருங்கள். சாவடியில் சன்னலை இறக்கி முகம் காட்டுங்கள். வாடகை மோட்டார் சைக்கிள் எடுத்தால், பக்கத்து வண்டிக்காரர் செய்வதைப் பார்த்து இருக்கையைத் தூக்கி வைத்துவிட்டு இறங்குங்கள்.